எச்சம்

ஒளி, மழை, வேர் தொடும் ஆழம், வெப்பம்.
இவற்றை வைத்து ஒரு மரம் எப்படி வளரும் என்று
முப்பது வருடமாகச் சொல்லிவந்த சமன்பாடுகள்
எங்களிடம் இருந்தன.
நல்ல பிள்ளைகள்.
வண்டு என்றால் மட்டும் திருதிருவென்று விழிக்கும்.

அதனால் அவற்றின் தோளில்
ஒரு கற்கும் இயந்திரத்தை ஏற்றினோம்.
செயற்கைக்கோள் படங்கள் ஒன்பதாயிரம்,
பொறியில் விழுந்த பட்டைவண்டுகளின் கணக்கு,
வறண்ட ஏப்ரல்கள்.
சமன்பாடு சொல்வதற்கும் காடு செய்வதற்கும்
நடுவே உள்ள தூரத்தை அது படித்துக்கொண்டது.
விசோச்சினா மேட்டில் எந்தச் சரிவின் ஸ்ப்ரூஸ்
எந்த வருடம் சிவக்கும், எந்த வருடம் நரைக்கும்,
வெட்டிய வெளியில் எப்போது பிர்ச் முளைக்கும்,
எல்லாம் சொன்னது. பெரும்பாலும் சரியாக.

நூற்றுப் பதினெட்டாம் கட்டம் தவிர.

அங்கே மூன்று வருடமாகக் காடு செத்திருக்க வேண்டும்.
சாகவில்லை.
மண்ணைக் கேட்டோம். சரிவைக் கேட்டோம்.
பனி கூடுதல் நாள் தங்குகிறதோ என்று
ஒரு மாறியைச் சேர்த்தோம்.
எச்சம் அசையவில்லை.
(கழித்த பின் மிஞ்சுவது எச்சம்;
முடியாமல் நிற்கும் வினைக்கும் அதே பெயர்.)
"இரைச்சல். விட்டுத்தள்ளு" என்றான் ஒட்மார்.

ஜூனில் பஸ் பிடித்துப் போனேன்.

முதலில் கேட்டது சுரண்டும் சத்தம்.
சாய்த்த மரத்தின்மேல் இருபுறமும் கால்போட்டு
பட்டையை உரித்துக்கொண்டிருந்தாள்
ப்ளஜேனா ஹாய்கோவா.
அறுபத்திரண்டு வயது. மர ஆலையில் கணக்கு எழுதியவள்.
நான்கு ஹெக்டேர், அதற்கு இன்னும் கடன்.
அடிமரத்தில் காப்பித்தூள் போல் துகள் கண்டால்
அன்றைக்கே அறுப்பாள், உரிப்பாள்.
வெள்ளைப் புழுக்கள் வெயிலில் சுருண்டு கிடந்தன.
போன கோடையில் நாற்பத்தொரு மரம்.

மடிக்கணினியைத் திறந்து வரைபடம் காட்டினேன்.
சுற்றிலும் சாம்பல். நடுவே பச்சையாய் ஒன்று.
"இது நீங்கள்" என்றேன்.
மூக்குக்கண்ணாடியில் பிசின். கிட்டே வந்து பார்த்தாள்.
"இவ்வளவு சதுரமாகவா இருக்கிறேன்?"

பிறகு, உரிகத்தியைத் தீட்டிக்கொண்டே,
"என் இடது முழங்காலையும் அதில் போடு.
அக்டோபரில் அறுக்கிறார்கள்.
வருகிற மே மாதம் இந்த மேட்டில் ஏறமாட்டேன்.
இப்போது கேள்,
என்ன சொல்கிறதென்று."

திரும்பும் பஸ்ஸில்
அட்டவணையில் ஒரு புதுப் பத்தியைத் திறந்தேன்.
என்ன பெயர் வைப்பது? அலகு என்ன?
மரமா, மணிநேரமா?
பையில் அவள் கொடுத்த பட்டைத்துண்டு.
உட்புறம் வண்டு குடைந்த நெடுங்கோடு ஒன்று,
இருபக்கமும் மெல்லிய கிளைக்கோடுகள்.
தன் அட்டவணையை அது
முடித்துவிட்டுத்தான் போயிருந்தது.

இந்த வருடத்துக்கு எதிரே ஒன்று என்று போட்டேன்.
அடுத்த மே மாதத்துக்கு எதிரே
சைபர் போட வேண்டும்.
அந்த விசைமேல் விரலை வைத்தபடி
ப்ர்னோ வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.