அரைமணி முந்திய யானை

கஞ்சில் என்றால் சருகுமான்.
எங்கள் காருக்கும் அதுதான் பெயர்.
இருபத்து மூன்று வயது,
இடது விளக்கு மங்கல், மேட்டில் ஏறினால் இருமல்.
ஜெலுத்தோங் அடுக்குமாடியின் கீழே
விடிகாலை ஐந்து மணிக்கு அதற்குள் ஏற்றினோம்:
சுருட்டிய மெத்தை, அரிசிக் குக்கர்,
மேசை விசிறி, இரண்டு போத்தல் ஊறுகாய்,
அறிவியல் ஆசிரியை கோகிலவாணி.

முதல் வேலையே ஜெலியில் போட்டுவிட்டார்கள்.
கைப்பேசி வரைபடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்து
"இது சயாம் இல்லையா?" என்றாள் அம்மா.

பாலத்தில் ஏறியதும் தங்கை நோட்டைத் திறந்தாள்.
அழாமல் இருக்க அவளுக்கு எப்போதும்
ஒரு வேலை வேண்டும்.
"கண்ணில் படுகிற விலங்கையெல்லாம் எழுதப் போகிறேன்.
வீட்டு விலங்கு சேராது.
அடிபட்டுச் செத்தது அரைக் கணக்கு."

கூலிம் தாண்டியும் செம்பனை, செம்பனை,
பக்கத்து மேசையைப் பார்த்து எழுதிய
பரீட்சைத் தாள்களைப் போல.
பாலிங்கில் பசியாறினோம்.
ரொட்டி சானாய்க் கடையின் தகரக் கூரையிலிருந்து
ஒன்று இறங்கி வந்து என் தட்டைக் கொண்டுபோயிற்று.
எழுதினாள்: குரங்கு, 1. ஒழுக்கம் போதாது.

கிரிக் போனபின் சாலைக்கு வேறு குணம்.
மேகம் தாருக்குப் பக்கத்தில் வந்து படுத்திருந்தது.
இருவாச்சி வந்தது; முதலில் ஓசைதான்,
யாரோ ஈரப் போர்வையை உதறுவதுபோல்.
பந்திங் ஏரியில் ஏதோ மிதந்தது.
"கட்டை" என்றேன்.
"நீர்நாய்" என்றாள்.
கட்டை முங்கி மறுபக்கம் எழுந்து
எங்களைத் திரும்பிப் பார்த்தது.

மஞ்சள் பலகையில் கறுப்பு யானை.
பத்துக் கிலோமீட்டரில் மறுபடியும் அதே யானை.
"பலகை சேருமா?"
"சேராது."
வளைவு ஒன்றில், நடுச்சாலையில், சாணம்.
நிறுத்தச் சொல்லி இறங்கிப் போனாள்.
குனிந்து பார்த்தாள். ஆவி இன்னும் அடங்கவில்லை.
"அரைமணி. மிஞ்சிப் போனால் முக்கால்" என்றாள்
கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற குரலில்.
பிறகு காரில் வெகுநேரம் பேசவில்லை.
குரங்கு தட்டை எடுத்த கடையில்
நான் இரண்டாவது தே தாரேக் கேட்டிருந்தேன்.

ஜெலியில் அவள் அறைக்கு ஒரு சன்னல்,
சன்னலுக்கு வெளியே ஒரு மலை.
விசிறியைப் பொருத்தினேன்; சுற்றவில்லை.
பிரித்து, துடைத்து, மறுபடி பொருத்தி,
அது தலையாட்டத் தொடங்கியபோது மணி ஆறு.
"பார்த்துப் போ" என்றாள்.
எதைப் பார்த்து என்று கேட்கவில்லை.

திரும்புகையில், இருட்டில்,
மங்கிய விளக்கின் ஓரத்தில் சாலை முடிந்துபோயிருந்தது.
முடிந்துபோன இடம் அசைந்தது.
விசையை அணைத்தேன்.
சருகுமான் மூச்சை அடக்கிக்கொண்டது.
அது என்னை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை.
ஓரத்துப் புல்லைப் பிடுங்கும்,
முன்காலில் இரண்டு தட்டுத் தட்டி மண் உதிர்க்கும்,
தின்னும். மறுபடி பிடுங்கும்.
இடப்பக்கம் திரும்பி,
"கோகி, பார்" என்றேன், வாய்விட்டு.
இருக்கையில் நோட்டு இருந்தது.
மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.
யானை என்று எழுதி, எதிரே ஒரு சின்னக் கோடு.

பிறை விளக்குகள் கடந்து பாலத்தில் ஏறும்போது
கைப்பேசி விழித்துக்கொண்டு துடித்தது.
"அறைச் சுவரில் பல்லி.
வீட்டு விலங்கா, காட்டு விலங்கா?"

ஜெலுத்தோங் வந்து, காரை நிறுத்தி,
யானை என்று தட்டினேன். அழித்தேன்.
"காட்டு விலங்கு. சேர்த்துக்கொள்" என்று அனுப்பினேன்.

தீபாவளிக்கு வருவாள்; முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.
அதுவரை அவ்வளவு பெரியதை எங்கே வைப்பது?
மெத்தை இறங்கிவிட்டது, குக்கர் இறங்கிவிட்டது.
பின் இருக்கை
காலியாகத்தான் கிடக்கிறது.