தொட்டால் ஒட்டும்

ஆகஸ்டில் ஆறு சன்னல் கதவுகளைக் கழற்றினேன்.
நான்கு நாள் போதும் என்றார் கடைக்காரர்.
அவர் சொன்ன நாலு வேறு, கடலின் கணக்கு வேறு.
பதினோராம் நாளும்
விரல் வைத்தால் விரலோடு வருகிறது பச்சை.

கிறிஸ்டினஸ்டாட். தெரு முழுக்க மர வீடுகள்.
சன்னல் இருந்த இடத்தில் பாலித்தீன் தாள்,
அதற்குப் பின்னால் என் கட்டில், கழுவாத கோப்பை, நான்.
மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.
எதிர்வீட்டு பெர்ன்ட் மட்டும்
"குளிரவில்லையா குன்னேவி?" என்கிறார்.
பதில் வருமுன் நாய் அவரை இழுத்துப் போய்விடுகிறது.

கஞ்சன் ரொட்டியில் தடவும் வெண்ணெய்போல
இழுத்து இழுத்துப் பூச வேண்டும்.
தடித்தால் தோல் சுருங்கும்,
உள்ளே வருடக்கணக்கில் ஈரம் நிற்கும்.

ஆளிவிதை எண்ணெய் காய்கிறது என்பதே தவறு.
ஈரத்துணி காய்வதுபோல அது எதையும் இழப்பதில்லை.
காற்றைக் குடிக்கிறது.
குடிக்கக் குடிக்க இறுகுகிறது.
பூசியபோது இருந்ததைவிட
இறுகிய பின் கனம் கூடுதல்.
நம்பாமல் ஒரு கண்ணாடித் துண்டில் பூசி
கடிதம் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன்.
முள் மயிரிழை நகர்ந்தது.
இதை யாரிடம் சொல்வது என்று யோசித்தபோது
வந்த முதல் பெயரை
அப்படியே விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ஹோல்கர் வந்தான்,
சைக்கிள் பம்பை எடுத்துப்போக.
ஏப்ரலிலிருந்து அவனுக்கு வாசாவில் ஒரு அறை.
வாசற்படியில் நின்று
படகின் காப்பீட்டை யார் பெயரில் மாற்றுவது
என்று பேசிக்கொண்டிருந்தான்.

படியில் நான் கசக்கிப் போட்டிருந்த எண்ணெய்த் துணி.
கசங்கிக் கிடந்தால் அது தனக்குள்ளேயே சூடாகும்.
தீக்குச்சி வேண்டாம், கோபம்கூட வேண்டாம்,
நடுராத்திரியில் தானே பற்றிக்கொள்ளும்.
தெரு முழுக்க மரம் என்று சொன்னேன் அல்லவா.

"தவணை நவம்பரில்தான்" என்ற வாக்கியத்தின் நடுவே
குனிந்தான், துணியை எடுத்தான்,
வாளித் தண்ணீரில் போட்டு
குமிழி அடங்கும்வரை இரண்டு விரலால் அமிழ்த்திப் பிடித்தான்.
"ஆகவே அவசரமில்லை" என்று முடித்தான்.

செய்தது அவனுக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன்.

கிளம்பும்போது பூட்ஸ் நாடாவைக் கட்ட
கையூன்றினான், ஆறாம் எண் கதவின்மேல்.
"ஐயோ."
"பரவாயில்லை, சோப்பு இருக்கிறது."
"பேருந்துக்கு நேரமாகிவிட்டது."
பச்சை விரல்களோடு போனான்.
பம்பின் கைப்பிடியும் இந்நேரம் பச்சையாகியிருக்கும்.

கதவில் நான்கு விரல், உள்ளங்கையில் பாதி.
ஒரு கொசுவும் அதில் மாட்டியிருக்கிறது,
ஒரு கால் மட்டும் வெளியே.

தேய்த்து எடுத்துவிட்டு மறுபூச்சு பூசிவிடலாம்.
உப்புத்தாள் வாங்கிவைத்து ஒரு வாரமாகிறது.
காயாததைத் தேய்க்க முடியாது.

தூங்கப் போகுமுன் வாளியை எட்டிப் பார்த்தேன்.
துணி அடியில் கிடந்தது.
மேலே எண்ணெய், மெல்லிய ஒரு வட்டம்,
தெருவிளக்கில் நிறம் மாறி மாறி.