மைனஸ் எண்பது

இரவு இரண்டு பத்துக்கு செக்யூரிட்டி ஷாஜியின் போன்.
"மேடம், ஃப்ரீசர் கரயுந்நு."
மலையாளத்தில் அது அழுகை.
அரைத்தூக்கத்தில் எனக்குத் தமிழில் கேட்டது.
போய்ப் பார்த்தபோது
இரண்டுமே சரியாக இருந்தது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கஞ்சிக்கோடு,
நைட்டிமேல் லேப் கோட்டு,
கணவாய்க் காற்று காரைத் தோள்கொடுத்துத் தள்ளுகிறது.
இருபத்தொரு வருடமாக நான் படிப்பது சாவை.
செல்லின் சாவை.

நல்ல சாவு ஒன்று உண்டு.
சுருங்கும்.
தன் நூலைத் தானே நறுக்கிக்கொள்ளும்.
உள்தோலை வெளியே திருப்பி
என்னைத் தின்னலாம் என்று காட்டும்.
பக்கத்திலிருப்பது தின்னும்.
வீக்கமில்லை, காய்ச்சலில்லை, அடுத்த தெருவுக்குத் தெரியாது.
என் பத்து விரலும் தனித்தனியாய் இருப்பது
நடுவிலிருந்தவை அப்படிப் போனதால்தான்.

மற்றது வெடிச்சாவு.
ஊரைக் கூட்டும்.
கூடுகிற ஊருக்கு எதிர்ப்புச் சக்தி என்று பெயர்.
சிலசமயம் தீயணைக்க வந்த ஊரே
வீட்டையும் கொளுத்திவிட்டுப் போகும்.

ரயில்வே கேட்டுக்கு முன்னால் யானை.
தண்டவாளத்தோரம் நின்று
எதையோ யோசித்துக்கொண்டிருந்தது.
ஹெட்லைட்டை அணைத்தேன்.
நிமிடத்துக்கு அரை டிகிரி என்று கணக்குப் போட்டேன்.
யானைக்குக் கணக்கு இல்லை.

பதினொரு வருடம் ஒரே ஒரு கோட்டின் பின்னால் போனேன்.
வெஸ்டர்ன் பிளாட்டில், பதினேழுக்குச் சற்று மேலே,
பென்சிலால் தொட்டதுபோல.
அழுக்கு என்றார் முதல் மதிப்பீட்டாளர்.
சுவாரசியமான அழுக்கு என்றார் இரண்டாமவர்.
அடுத்த வருடம் ஒசாகாவில் யாரோ
அதே அழுக்குக்குப் பெயர் வைத்தார்கள்.
இப்போது நானும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறேன்.
உச்சரிப்பு பழகிவிட்டது.

மைனஸ் நாற்பத்தொன்று.
ஃபெபின் ஈரத்தலையோடு நிற்கிறான்,
ஏப்ரலில் தீசிஸ் தரவேண்டியவன்.
தாவரப் பிரிவு ரம்லத் தூக்கக் குரலில் சொன்னாள்:
"ஒரு ரேக் தரலாம் சேச்சி. அதற்குமேல் இடமில்லை."
என்னிடம் இருபத்தைந்து.

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சதைத்துண்டு.
பிறந்து வரும் நூறு டி செல்லில்
தொண்ணூற்றாறை அங்கேயே சாகவிடும்,
நான்கைத்தான் ஊருக்குள் அனுப்பும்.
கண்டிப்பான பள்ளிக்கூடம் என்று
வகுப்பில் சிரித்தபடி சொல்வேன்.
குறித்துக்கொள்வார்கள்.
இருபத்தைந்தில் ஒன்று
நூற்றில் நான்கு என்பது
கையுறை மாட்டும்போதுதான் உறைத்தது.

முதலில் ஃபெபினின் பெட்டிகள். அதில் யோசனை இல்லை.
மிச்சம் இரண்டு பெட்டிக்குத்தான் இடம்.
அச்சேறிய கட்டுரைகளின் எலிகள் ஒரு பக்கம்,
புரிந்தவை, படம் வரைந்து முடித்தவை.
இன்னொரு பக்கம்
ஒரு மே மாதம் கரண்ட் போய் வந்த வாரத்தில்
சாகவேண்டிய எல்லாம் சாகாமல்
காரணமும் சொல்லாமல் கிடந்த
முப்பத்தெட்டு குழாய்கள்.
மூடியில் என் கையெழுத்தில் ஒரு கேள்விக்குறி,
பனிக்கடியில்.

"மேடம், மைனஸ் முப்பது."

கேள்விக்குறியை எடுத்தேன்.

விடியும்போது மற்றவை
மஞ்சள் பைக்குள் சொட்டிக்கொண்டிருந்தன.
ஷாஜி அலாரத்தின் ஒயரைப் பிடுங்கினான்.
அந்த அமைதியை எந்த வகையில் சேர்ப்பது என்று
எனக்குத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் யானை இல்லை.
தண்டவாளத்தோரம் பிண்டம், ஆவியோடு.
எடைமேடையைத் திறந்துகொண்டிருந்த சகாயநாதன்
கார்க் கண்ணாடிக்குள் குனிந்து கேட்டார், என்ன ஆச்சு.
தொண்ணூற்றாறு போச்சு என்றேன்.
"டன்னா?" என்றார்,
நிஜமான கவலையோடு.