எந்தப் பக்கத்தில் மழை

மாதத்தின் கடைசி ஞாயிறு.
வெள்ளவத்தையில், மருந்துக் கடைக்கு மேலே,
கணக்கியல் வகுப்பு முடிந்த அறை.
வெண்பலகையில் வரவு செலவை யாரும் அழிப்பதில்லை.
அதற்குக் கீழே எட்டுப் பேர்
மடியில் புத்தகங்களோடு உட்கார்ந்திருப்போம்,
பல் வைத்தியரிடம் முறை வரக் காத்திருப்பவர்கள் மாதிரி.

பெர்னதெத் துப்பறியும் கதை தவிர எதையும் நம்பமாட்டாள்.
கொலைகாரனை முதலிலேயே சொல்லிவிட்டு
"ஆனாலும் வாசியுங்கோ" என்பாள்.
குலவீரசிங்கத்துக்கு வாழ்க்கை வரலாறுகள்.
நாற்பதாவது வயதோடு மூடிவைத்துவிடுவார்,
அதற்குப் பிறகு எல்லாரும் விருது வாங்குகிறார்களாம்.
சிவனு கவிதை மட்டும்.
வாசித்துக் காட்டச் சொன்னால் தொண்டையைச் செருமி,
"இல்ல, நீங்களே வாசிங்க, என் குரல் அதைக் கெடுத்துடும்."

மாளிகாவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவள் ஃபரீஹா.
உப்பளத்துக் காவல்காரன் ஒருவனைப் பற்றி
அறுநூறு பக்கம், பிரவுன் தாள் உறை போட்டு
என் கையில் தந்தாள்.
"அவசரமில்ல. ஆனா கடைசி வரைக்கும் போங்க."

முப்பத்தொன்றாம் பக்கம் வரை போனேன்.
பிறகு என் மேசை மின்விசிறியின் ஒரு கால் உடைந்தது.
அறுநூறு பக்கம் சரியான உயரம்.

மூன்று மாதம் கழித்து முறை என்னிடம் வந்தது.
"எப்படி?" என்றாள்.
ஏழு முகங்கள். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.
என் வாய் தானாகத் திறந்து
"அந்தக் கடைசி மழை..." என்றது.
"அவன் குடையை விரிக்காமல் நிற்பானே,
அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை."

குலவீரசிங்கம் தலையாட்டினார்.
பெர்னதெத் குறித்துக்கொண்டாள்.
"குடைய விரிக்காம" என்று
சிவனு தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தான்.
ஃபரீஹா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்,
பிறகு பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

அந்தப் பிஸ்கட் தொண்டையில் நின்றதால்தான்
வாசிக்கத் தொடங்கினேன்.
காலையில் தெஹிவளையிலிருந்து கோட்டைக்கு ரயில்,
கதவோரம், ஒரு கை கம்பியில், ஒரு கை காவல்காரனில்.
இடப்பக்கம் அவ்வளவு தண்ணீர்,
புத்தகத்திலோ ஒரு சொட்டுக் கிடையாது.
உப்புக் காயவேண்டும், மழை வந்தால் கூலி இல்லை.
ஆயுள் முழுக்க அவன் வானத்தை
வரக்கூடாத விருந்தாளியைப் போலப் பார்த்தான்.
ஒரு செவ்வாய்க்கிழமை பம்பலப்பிட்டியில்
அவன் மகளின் கலியாணம் நின்றுபோனது.
கோட்டையில் இறங்க மறந்து மருதானை வரை போனேன்.
கடைசிப் பக்கத்தில் அவன் கதவைச் சாத்தினான்.
மழை பெய்யவில்லை.
அவனிடம் குடையே இல்லை.

அடுத்த மாதம் முன்னதாகப் போய்ப் படியில் நின்றேன்.
"ஃபரீஹா, அதில் மழை இல்லை."

"தெரியும்," என்றாள்.
"நீங்க சொன்ன பொறகு எனக்கே சந்தேகமாப் போச்சு.
லைப்ரரியில இன்னொண்டு எடுத்து
முழுசா திரும்ப வாசிச்சேன்,
எங்கயாவது தவறவிட்டுட்டேனோ எண்டு."
பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினாள்.
"ஒவ்வொரு பக்கமும் பயந்து பயந்து.
மழை வந்திருமோ, அவன்ட உப்புக் கரைஞ்சிருமோ எண்டு.
மொதத் தரம் எனக்கு அந்தப் பயம் வரல்ல."

மன்னிப்புக்கென்று வழியெல்லாம் கோர்த்த வாக்கியம்
வாயிலேயே நின்றது.

அன்று புதிதாக ஒரு பெண், தர்ஷாயினி, வங்கியில் வேலை.
"எதிலிருந்து தொடங்கலாம்?" என்றாள்.
சிவனு முந்திக்கொண்டான்:
"உப்பளத்துக் கதை ஒண்ணு இருக்கு.
கடைசில மழையில, குடைய விரிக்காம..."
ஃபரீஹாவைப் பார்த்தேன்.
அவள் தட்டில் உடையாத பிஸ்கட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.
பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன்.
"கடைசி வரைக்கும் போங்கள்."

வீட்டில் மின்விசிறி ஆடுகிறது,
இரவெல்லாம் டக் டக்கென்று.
அகராதி ஒன்று கிட்டத்தட்ட அதே உயரம்.
எடுத்து வைக்கக் கை போகவில்லை.