பதினான்கும் ஏழும்

மணி மூன்று.
மார்கழிக் குளிரில் பால் நன்றாய் இறங்கும்.
நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு
கத்தியோடு படியிறங்கினால்
கூட்டுக்கு வெளியே நிற்கிறாள் கருப்பி,
இருட்டில், ஒற்றைக் காலில்.

அடையிருக்கத் தொடங்கிப் பதினான்காம் நாள்.
அடைக்கோழி இந்நேரத்தில் எழுந்து நிற்குமா?

குனிந்தேன்.
பகலில் பார்த்த அதே மரப்பெட்டிதான்.
வைக்கோல், பதினொரு முட்டை,
குறை சொல்ல ஒன்றுமில்லை.
இப்போது விளக்கு பட்டதும்
பலகை இடுக்கிலிருந்து
சிவப்பு நடந்து வருகிறது.
கடுகில் கால்வாசி.
குடித்த செள்ளு சிவப்பு,
குடிக்காதது சாம்பல்.
முட்டைகளின் மேலேயே ஏறி இறங்கிப் போகின்றன,
வாங்கிய வீட்டைச் சுற்றிப் பார்ப்பவர்கள் மாதிரி.

ஒன்றை நசுக்கினேன்.
என் கட்டைவிரல் ரேகையில் கருப்பியின் ரத்தம்.

போன ஞாயிறு ஆலயத்தில்
கீர்த்தனைக்கு நடுவே நான் ஏன்
தூணில் முதுகைத் தேய்த்தேன் என்று
அப்போதுதான் விளங்கியது.
றோஸ்பாய் ஒரு வாரமாய்
தனிப்பாய் விரித்ததும்.

முந்தாநாள் சுயம்பு சொன்னான்:
"குலசேகரத்துல பொடி கிடைக்கும் வோய்,
ஒரு தூவு தூவும், தீர்ந்து."
அடுக்களையிலிருந்தே வந்தது பதில்:
"பிள்ளை அந்த முட்டையல்லா திங்குது.
பொடியும் வேண்டாம் கிடியும் வேண்டாம்."
அப்படியானால் புகையிலை அவித்த தண்ணி என்றான்.
புகையிலையை வாயில் அடக்கி
எனக்கே ஒருதரம் தலை சுற்றி விழுந்திருக்கிறேன்.
ஒன்றரைக் கிலோ உடம்பு அவளுக்கு.

பொன்மனையில் எனக்கு முன்னூறு மரம்.
எல்லாம் முதலாளியுடையவை.
கத்தியைச் சுவரில் சாய்த்தேன்.

குளச்சல் மீன்காரர் விட்டுப்போன பிளாஸ்டிக் பெட்டி,
இடுக்கில்லாதது.
உமி பரப்பி, மேலே வேப்பிலை, கொஞ்சம் நொச்சி.
பழைய வைக்கோல் முற்றத்து மூலையில் எரிந்தது,
படபடவென்று சின்னச் சின்னதாய் வெடித்து.
மரப்பெட்டிக்குக் கொதிதண்ணீர் வைத்தேன்.
அது கொதிப்பதற்குள் கிழக்கு வெளுத்துவிட்டது.
அஜிலாவின் பழைய பல் பிரஷை
வேப்பெண்ணெயில் முக்கி
ஒவ்வொரு இடுக்காய், ஒவ்வொரு ஆணிக்குழியாய்.

கருப்பிக்கு லாரி டயர்.
உள்ளே ரப்பர் விறகுச் சாம்பலும் மணலும்.
இறங்கியவள் ஏற மாட்டேன் என்கிறாள்.
கண்ணை மூடி, சிறகை விரித்து,
அள்ளி அள்ளி முதுகில் போட்டுக்கொள்கிறாள்.
யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பு.

முட்டை ஆறுமே.
பதினொன்றையும் சட்டையில் பொதிந்து
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
எத்தனை துவைத்தாலும் பால் நாற்றம் போகாத சட்டை.
பல் துலக்க வந்த அஜிலா
நுரை வாயோடு கேட்டாள்:
"அப்பா அடை இருக்கியா?"

இருந்தேன். கணக்கும் போட்டேன்.
குஞ்சுக்கு இருபத்தொரு நாள்.
செள்ளுக்கு ஒரு வாரம் போதும், முட்டை முதல் பேரன் வரை.
இத்தனை நாளும் இரண்டையும்தான் பொரித்திருக்கிறாள்;
அடிவயிற்றுச் சூடு ஆள் பார்த்தா கொடுக்கும்?
ஆக எண்ணெய் ஒருதரம் பூசினால் பற்றாது.
இன்று தப்பியதற்கு ஏழு நாள் கழித்து இன்னொரு தரம்.
பதினான்கும் ஏழும்
இருபத்தொன்று.
ஓடு கீறும் நாளில் கூட்டில் கை வைக்க முடியுமா?
ஆறாம் நாளே செய்துவிட வேண்டும்.

ஒருவழியாய் டயரை விட்டு ஏறி
உலுக்கினாள். அந்தப் புகையில் நானும் தும்மினேன்.
பெட்டியை இரண்டு முறை சுற்றி வந்தாள்.
நான் பார்த்துப் பார்த்து அடுக்கிய வேப்பிலையில்
பாதியைக் கொத்தி வெளியே எறிந்தாள்.
பிறகு உட்கார்ந்தாள்.

அன்றைக்கு நாற்பது மரம்தான்.
வெயில் வந்ததும் பால் நின்றுவிட்டது.

திரும்பி வரும்போது
கொடியில் என் சட்டை,
கொதிதண்ணீரில் போட்டுப் பிழிந்தது.
வேலியில் இரண்டு பாயும் காய்ந்தன,
ஒன்றை ஒன்று ஒட்டி.
றோஸ்பாய் எதுவும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
முதுகு மட்டும் இன்னும் அரித்தது.