பதினொரு நொடிக் குரைப்பு

குத்தாயிசியில் மழை. நான்காம் மாடியில் நெஸ்தான்
முகம் தெரியாத யார் யாரோ எழுதிப்
பொதுவில் வைத்த நூலகத்தை
ஒற்றை வரியில் தன் செயலிக்குள் அழைத்தாள்.
சார்புகள் எல்லாம் இறங்கி முடிவதற்குள்
காப்பி ஆறி வண்டல் தங்கிவிட்டது.

இயக்கியை உருவாக்கு. முகவரி கொடு. தயாராக்கு.
ஓட்டு.

ஒன்றுமில்லை.

சோதனைக்கென்று அவள் இணையத்தில் ஏற்றியிருந்தது
எதிர்வீட்டு நாயின் பதினொரு நொடிக் குரைப்பு.
அசல் நாய் சன்னலுக்குக் கீழே
ஓயாமல் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தது;
கைபேசிதான் வாய் திறக்கவில்லை.

இரவு இரண்டு மணிக்குத் தட்டுப்பட்டது:
இணையத்துக்குள் போக
அனுமதி கேட்கவே இல்லை.
அதற்கும் ஒரே வரி.

குரைத்தது.
கீழேயிருந்து பதில் வந்தது.
அவள் சிரித்த சிரிப்பில்
மேல்வீட்டு வாஜா தரையை உதைத்தார்.

காலை மினிபஸ்ஸில், பாலம் தாண்டும்போது,
அவள் கோட்டுப் பைக்குள் நாய்.
நிற்கவில்லை.
பாலாடைக்கட்டி வாளியை மடியில் தூக்கிக்கொண்டாள் ஒருத்தி.
ஓட்டுநர் கண்ணாடியில் இருக்கைகளுக்கு அடியில் தேடினார்.

திரும்பத் திரும்ப ஓடு என்று
தூக்கக் கலக்கத்தில் சொல்லியிருக்கிறாள்.
செயலியை மூடினாள், சரி.
இயக்கியை விடுவிக்க வேண்டுமாம்;
கையேட்டில் அது இரண்டாம் பக்கம்.