அரைப்பேர்

டவாலி மூன்று தடவை கூப்பிடுகிறார்.
"காத்தமுத்து... காத்தமுத்து... காத்தமுத்து..."
அப்பா செத்து ஆறு வருஷம்.
எழுந்து நிற்கிறேன் நான்,
வாதி ஒன்றின் வாரிசாகிய வாதி மூன்று.

"திம்மராயன்... திம்மராயன்..."
அவரும் போன மாசியில் போய்ச் சேர்ந்தார்.
ஜன்னலோரம் மாதேசன் கை தூக்குகிறான்.

பொகவந்தலாவையில்
கொழுந்து ரெண்டு கிலோ குறைந்தால்
கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடுவாராம்.
அட்டை கடிக்க, மழை நனைக்க
நாளெல்லாம் மலையில் நின்றாலும்
செக்ரோலில் நீ பாதி ஆள்.
ஊத்தங்கரை முன்சீப் கோர்ட்டிலிருந்து
வாய்தா வாங்கித் திரும்பும் பஸ்ஸில்
அப்பா வேட்டி மடிப்பைச் சரிசெய்தபடி சொல்வார்:
"இன்னைக்கும் அரைப்பேர்தான்."

கப்பலேறும்போது எனக்கு ஏழு மாதம்.
மண்டபத்தில் அட்டை கொடுத்தார்கள்,
ரெண்டு வருஷம் கழித்து இங்கே ஒரு தாள்.
சர்வே எண் நூற்றி நாற்பத்தேழு, ரெண்டு ஏக்கர்,
வயலெட் மையில் வட்ட முத்திரை.
பத்து வருஷம் விற்கக் கூடாது.
மூன்று வருஷத்துக்குள் பயிர் வைக்க வேண்டும்.
பூமிக்குள் கனிமம் கிடைத்தால் அரசாங்கத்துக்கு.

கனிமம் மட்டும்தான் கிடைத்தது.
கல். கல்லைப் பெயர்த்தால் அதன் அடியில் இன்னொரு கல்.
கவ்வாத்துக் கத்தி பிடித்த கை
கடப்பாரை பிடித்துக் காய்த்து,
நாலாம் வருஷம் கொள்ளு முளைத்தது.
அம்மா அதில் ஒரு பிடியைப் பறித்து
சாமிக்கு வைக்காமல்
தாசில்தார் ஆபீசுக்கு எடுத்துப் போனாளாம், காட்டுவதற்கு.

பிறகு யு.டி.ஆர். சர்வே வந்தது.
முடிந்து பார்த்தால் எங்கள் எண்ணுக்கு நேரே
திம்மராயன், த/பெ முனியப்பன்.
யார் இந்தத் திம்மராயன்?
முகம் தெரியாத அந்த ஆளைத் திட்டித் திட்டியே
அம்மா மூன்று வருஷம் களி கிண்டினாள்.

முதல் வாய்தாவில் பார்த்தோம்.
ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பவர்.
உரச்சாக்கில் தைத்த பை,
பைக்குள் ஒரு தாள், அதே வயலெட் வட்டம்.
அணைக்கு ஊரைக் கொடுத்தவராம்.
மதகு திறக்கும் வருஷங்களில்
தண்ணீர் வற்றி அவர் வீட்டு வாசற்படி தெரியுமாம்,
போய் உட்கார்ந்துவிட்டு வருவாராம்.
அவருக்கும் ரெண்டு ஏக்கர், அதே எண்.
ஆபீஸ்தான் வேறு.

ரெண்டு பேரும் மாறி மாறி அப்பீல் போய்
திரும்பி வந்த நேரத்தில்
இரண்டாம் பிரதிவாதியாக வனத்துறை சேர்ந்தது.
அது காப்புக்காடாம், வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே.
எதிர்வழக்குரையின் நான்காவது பத்தியில்
எங்கள் கொள்ளுக்காட்டில்
மான்கள் மேய்கின்றன.

வக்கீல் கமிஷனர் அளக்க வந்த அன்று
சங்கிலி பிடிக்க ஆள் வரவில்லை.
ஒரு முனையை நான் பிடித்தேன்,
மறுமுனையை மாதேசன்.
அவன் இழுக்க, நான் இழுக்க,
கம்பிபோல் விறைத்து நின்றது.
"கொஞ்சம் விட்டுப் பிடிங்க ரெண்டு பேரும்,
அளவு தப்பிடும்" என்றார் சர்வேயர்.

வடமேற்குக் கல்லைக் காணோம்.
"காணப்படவில்லை" என்று கமிஷனர் எழுதிக்கொண்டார்.
தண்ணீர் கேட்டு மாதேசன் வீட்டுக்குப் போனேன்.
அவன் மனைவி புடவை அலசிக்கொண்டிருந்தாள்,
கல்லின் பக்கவாட்டில்
சோப்பு நுரைக்குள் அம்புக்குறி.
மாதேசன் என் முகத்தைப் பார்த்தான்.
நான் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.
தென்கிழக்குக் கல்
எங்கள் ஆட்டுப்பட்டியில் முளைக்கல்லாக நிற்பதை
அவனும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான்.

இன்று நீதிபதி விடுப்பு.
அடுத்த மாதம் பத்தொன்பது.
சிங்காரப்பேட்டை பஸ்ஸுக்கு நிற்கும்போது
அப்பாவின் நோட்டை எடுக்கிறேன்.
நூற்றுப் பதினாலாவது வரி,
தேதி போட்டு, பக்கத்தில் அ.பே.

மாதேசன் எட்டிப் பார்க்கிறான்.
"அதென்னக்கா?"
சொன்னேன்.
பஸ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது.
துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
"எனக்கும் ஒண்ணு போட்டு வை" என்றான்.